ஆறாவது மைக்

"இங்க பாரு, இந்த எடத்துல ஒண்ணு உட்டுருக்க. இதோ இன்னொண்ணு. எம்மாம் மூச்சுதான் உடுவ நீ?"

கணினித் திரையில் ஓடும் அலைக்கோட்டில் சின்னச் சின்னப் புடைப்புகளைத் தேடிப்பிடித்து வெட்டிக்கொண்டிருக்கிறார் ஆதிமூலம். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்காக ஆட்டோவில் போடுகிற விளம்பரம் அது. குரல் கொடுத்த மணிமொழி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டா நுனியால் விசிறிக்கொள்கிறார். தலைக்கு மேலே மின்விசிறி இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. காது கொடுத்துக் கேட்க வேண்டிய குரல் என்றால் ஆதிமூலம் முதலில் எழுந்துபோய் விசிறியை நிறுத்துவார். வந்தவர் கலெக்டர் ஆபீஸ்காரராக இருந்தாலும் வியர்த்து ஒழுகத்தான் வேண்டும்.

"ஏண்ணா, அத்தினி மூச்சயும் வெட்டிப்புட்டா, கேக்கறவங்க நா செத்துட்டேன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"வெளம்பரத்துக்கு மூச்சு எதுக்கு? எவ்ளோ தள்ளுபடின்னு தெரிஞ்சா போதும்."

கள்ளக்குறிச்சியில் மூச்சு வெட்டுற ஆதிமூலம் என்றால்தான் தெரியும். கச்சிராயபாளையம் சாலையில், உரக்கடைக்கு மேல்மாடியில், ஒற்றை அறை. சுவரெல்லாம் பழைய மெத்தையும் கோணிச்சாக்கும் வைத்து அடித்திருக்கிறார். மழைக்காலத்தில் சாக்கு ஊறி ஒரு வாடை அடிக்கும், அது அவர் மூக்குக்கு மட்டும் தெரியாது. கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்கள் எல்லாம் சன்னலுக்குக் கீழேதான் ஆரன் அடித்துத் திரும்பும். "பத்தே காலுக்கு வெள்ளிமல பஸ்ஸு வரும். அது போவட்டும், அப்புறம் பேசு" என்பார். பஸ் தாமதமானால் பதிவும் தாமதம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் வரிசை கட்டிவிட்டால் அன்றைய பிழைப்பு போயே போச்சு.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லி. இடது காது கொஞ்சம் மந்தம், இளவயதில் குழாய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியதன் பலன். எதையாவது உன்னிப்பாகக் கேட்க வேண்டுமென்றால் அந்தக் காதை விரலால் அடைத்துக்கொண்டு தலையைச் சாய்ப்பார், கோவிலில் குறி கேட்கிற ஆள் மாதிரி. கம்பி, ஒயர் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி வெள்ளை டேப் ஒட்டுவது இன்னொரு பழக்கம். ஒலியைப் பதியவும் வெட்டவும் பன்னிரண்டு வருடமாக ஒரே ஒரு இலவச மென்பொருள்தான். இணையத்திலிருந்து இறக்கியது. அதைத் தவிர வேறொன்றைத் தொட மாட்டார். கணினி திணறி நின்றால்கூடத் திட்ட மாட்டார். "செத்த பொறுங்க சாமி, நிதானமா வாங்க" என்று அதனிடம் மரியாதையாகப் பேசுவார்.

மேசையின் ஓரத்தில் குங்குமம் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. முன்பக்கம் எட்டு மைக் செருகும் எட்டுத் துளை, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பச்சை விளக்கு. ஒவ்வொரு துளைக்கும் கீழே வெள்ளை டேப்பில் ஒரு பெண்ணின் பெயர். முதல் துளையில் கொளஞ்சியக்கா. ஆறாவதில் ரங்கா.

ரங்கா என்பது ரங்கம்மாள், அவர் மனைவி. ஊர் வெள்ளிமலைக்கும் மேலே. இருபத்திமூன்று வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு திருவிழாவுக்கு மைக் செட்டோடு போனார் ஆதிமூலம். ஒலிபெருக்கிக் குழாயைப் பலா மரத்து உச்சியில் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே பத்துப் பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாட ஆரம்பித்தார்கள். மரத்திலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரிந்தன. அத்தனை குரலுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் பாட்டின் அடி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு ஏற்றம் ஏறி, ஏறின வேகத்திலேயே இறங்கியது. ஆள் மரத்திலேயே நின்றுவிட்டார். யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு மூன்று திருவிழா ஆயிற்று. மலைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்கு மேலேயும் கீழேயும் ஒரு வருடம் ஏச்சும் பேச்சும் நடந்தது. அப்புறம் எல்லோருக்கும் வாய் வலித்துப்போயிற்று.

கீழே வந்த ரங்கம்மாள் தெருப் பெண்களோடு சேர்ந்துகொண்டார். எட்டுப் பேர். கொளஞ்சியம்மாள் எடுத்துக் கொடுக்க, மற்ற ஏழு பேரும் தொடுப்பார்கள். மாரியம்மன் கோவில் கூழ் வார்ப்பு, வளைகாப்பு, காதுகுத்து என்று சின்னசேலம் முதல் திருநாவலூர் வரைக்கும் இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். அரைவட்டமாக நின்று கைதட்டிப் பாடும்போது ரங்கம்மாளுக்கு எப்போதும் ஆறாவது இடம். தனியாகப் பாடச் சொன்னால் மட்டும் பாட மாட்டார். "ஒத்த பொம்பள கொரல் எடுத்தா அது எழவு வூடுதான். நல்ல நாளு அதுவுமா ஆராச்சும் தனியா பாடுவாங்களா?" என்பார். மலையில் அப்படித்தானாம். புருஷன் கெஞ்சியும் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். ஒரு வரி, ஒரே ஒரு வரி, தனியாக வாங்க முடியவில்லை.

"எட்டு பேரு பாடனா இன்னா, எண்பது பேரு பாடனா இன்னா? எங்காது அவ கொரல மட்டும் புடிச்சுக்கும்" என்று பெருமை பேசித் திரிந்த மனுஷன்தான் அவர்.

மூன்று வருடத்துக்கு முன்பு ரங்கம்மாளுக்குக் கழுத்தில் கழலை. அறுத்தே ஆக வேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் கட்டி நரம்போடு ஒட்டிக்கிடக்கிறது, குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆதிமூலம் சோறு தின்னவில்லை. மறுவாரமே அந்தக் கறுப்புப் பெட்டியை எங்கேயோ விசாரித்து வாங்கிவந்தார். அவர் கணக்கு இதுதான்: எட்டுப் பேருக்கும் எட்டு மைக். எல்லோரும் சேர்ந்தே பாடட்டும், ரங்காவுக்கும் தனியாகப் பாடின தோஷம் வேண்டாம். ஆனால் பெட்டி எட்டுக் குரலையும் எட்டுத் தடமாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் ஏழையும் அடைத்துவிட்டு ஆறாவதை மட்டும் திறந்தால் போதும்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு எட்டுப் பெண்களும் மாடி ஏறினார்கள். ரங்கம்மாளே மலையிலிருந்து கொண்டுவந்து சொல்லிக் கொடுத்த, மழையும் சாமை விளைச்சலும் கேட்கிற பாட்டு.

மல மேல மழ எறங்க
மடியெல்லாம் சாம நெறைய

பாடப்பாடப் பெட்டியில் எட்டுப் பச்சை விளக்கும் மினுக்கின. திரையில் மட்டும் இரண்டு அலைக்கோடுதான் ஓடியது. ஆதிமூலம் அதைப் பார்க்காமல் இல்லை. திரை சின்னது, இரண்டு காட்டுகிறது, உள்ளே எட்டும் போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஆறாவது விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேறெதுவும் கண்ணில் நிற்கவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது, குரல் போயிற்று. இப்போது ரங்கம்மாள் பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் நின்றால் புரியும். பத்தடி தள்ளி யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் வளையல் குலுங்க இரண்டு தடவை கையைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாலே காய்கறிக்காரர் முருங்கைக்காயை எடுத்துத் தனியே வைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் சரிபார்க்காமல் கிடந்த கோப்பை, வீட்டுக்கு வந்த அன்றே ஆதிமூலம் திறந்தார். இரண்டே தடம். ஒன்றில் கொளஞ்சியம்மாள், இரண்டில் அவருக்கு அடுத்து நின்றவர். ரங்கம்மாளின் குரல் அந்த இரண்டு மைக்கிலும் தூரத்தில், யாரோ பக்கத்துத் தெருவில் பாடுகிற அளவுக்கு.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து இணையத்தில் படித்தார். விஷயம் இதுதான்: கணினிக்கும் பெட்டிக்கும் நடுவே டிரைவர் என்று ஒன்று நின்று பேசவேண்டும். சாதாரண டிரைவர் இரண்டு வழியை மட்டும் திறக்கும். எட்டையும் திறக்கிற டிரைவருக்கு இந்த இலவச மென்பொருளில் இடமில்லை. ஒருவர் உரிமத்தின் நிபந்தனை இன்னொருவருடையதோடு ஒத்துப்போகவில்லையாம். ஆனால் மூல நிரல் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. வேண்டுமென்பவர் இரண்டையும் சேர்த்துத் தன் வீட்டுக்குத் தானே சமைத்துக்கொள்ளலாம். ஊருக்குப் பந்தி போடத்தான் கூடாது.

"சமைச்சா எட்டு வழியும் தெரியும்" என்று யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதியிருந்த வரியை ஆதிமூலம் நாட்குறிப்பில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். அந்த வரியை அவர் எப்படிப் படித்தார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே யாராவது திருத்தியிருப்பார்கள். மென்பொருளுக்கு எட்டு வழியும் தெரிந்துவிட்டால், அந்தப் பழைய கோப்பைத் திறக்கும்போது மறைந்துகிடக்கிற ஆறு தடமும் மேலே வந்துவிடும் என்று நம்பினார். ஆறாவது விளக்கு எரிந்ததே! எரிந்த விளக்கு பொய் சொல்லுமா?

ஐ.டி.ஐ.யில் ரேடியோ பழுது பார்க்கப் படித்தவர் நிரல் சமைக்க உட்கார்ந்தார். தினம் காலை ஆறிலிருந்து எட்டுவரை. ஒரு வரி தவறினாலும் திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டும். எந்தத் திட்டு எந்த நாளில் வந்தது என்று நோட்டில் எழுதி வைத்தார். அப்படி மூன்று நோட்டு. சின்னசேலத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் வெங்கடேசனைத் தேடி மாதத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறினார்.

"ஆதிண்ணா, எட்டு டிராக்கு எடுக்கற சாப்ட்வேரு எத்தினியோ கீது. ஒண்ணு போட்டுத் தரேன், நாளைக்கே ரெக்கார்டு பண்ணு. ஏண்ணா இதையே கட்டிக்கினு அழுவற?"

"வேணாம்பா. எனக்கு இதுலதான் வேல கீது."

"இன்னா வேல?"

"கீதுப்பா, உடேன்."

உள்ளே ஒரு பயமும் இருந்தது. அந்த இரண்டு தடப் பதிவை அவர் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார், விசிறியை நிறுத்திவிட்டு, இடது காதை அடைத்துக்கொண்டு. முதல் வருடம் ரங்காவின் ஏற்றம் அந்தக் கூட்டத்தில் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டாம் வருடம் தேட வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் அடி முடிகிற இடத்தில் கேட்பது அவளுடையதா, கடைசியில் நின்ற பெண்ணுடையதா என்று சந்தேகம் வருகிறது. இருபது வருடம் கேட்ட குரல்! காதே துரோகம் பண்ணினால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? பழைய திருவிழா வீடியோக்களையும் தேடினார். எல்லாம் கூட்டுக் குரல், மேளம், வெடிச் சத்தம்.

ரங்கம்மாள் தேநீர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நிற்பார். ஏதாவது சொல்வார். காதில் ஹெட்போனை மாட்டியிருக்கும் மனுஷனுக்குக் காற்றுப் பேச்சு எங்கே கேட்கும்? திரும்பிப் பார்க்கும்போது ஆள் படியிறங்கிப் போயிருக்கும். தேநீர் ஆறியிருக்கும்.

இந்த ஆடி மாதத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிவப்பு வரவில்லை. ஆதிமூலம் நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினார். மென்பொருள் திறந்தது. ஒலி எங்கிருந்து என்று கேட்கிற பட்டியலில் கறுப்புப் பெட்டியின் பெயர், பக்கத்தில் எட்டு.

"ரங்கா! ரங்கா, மேல வா! ஓடியா!"

உரக்கடைக்காரரே பயந்துபோய் எட்டிப் பார்த்தார். பின்சந்தில்தான் வீடு. ரங்கம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தார். ஆதிமூலம் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார், விசிறியை நிறுத்தினார், பழைய கோப்பைத் திறந்தார்.

இரண்டு தடம்.

மூடித் திறந்தார். இரண்டு தடம். கணினியையே நிறுத்திப் போட்டு, "சாமி, சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி திறந்தார். இரண்டுக்குமேல் ஒரு கோடு வரவில்லை. வெங்கடேசனுக்குப் போன் போட்டார். முதல் முறையாக உண்மையைச் சொன்னார். 

"ண்ணா... உள்ள போவாதது எப்பிடிண்ணா வெளிய வரும்? பொட்டிக்கு எட்டும் கேட்டுது, வெளக்கு எரிஞ்சுது. ஆனா கம்ப்யூட்டருல எறங்குனது ரெண்டுதான். மீதி ஆறும் அன்னிக்கே காத்தோட போச்சுண்ணா. இதுக்காவா மூணு வருசமா...? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா நீ?"

போனை வைத்துவிட்டு ஆதிமூலம் அழுதார். ஐம்பதை எட்டப்போகிற ஆள், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். ரங்கம்மாள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவருடைய நல்ல காதுக்கு நெருக்கமாக வந்தார்.

"வெளக்கு எரியிறதப் பாத்து ஏமாந்துட்டியா மாமா?"

"உன் கொரலு மறந்து போவுது ரங்கா. எனக்கே மறந்து போவுது. எதுன்னு தெரியல."

"இத்தினி நாளா அந்தப் பழய ரங்காவயே தேடிக்கினு இருந்த. நா இங்கியேதான டீ வச்சிக்கினு நின்னேன். நா பேசறது மட்டும் உன் காதுக்கு ஆவல."

கோபமாகச் சொன்னாரா, ஆற்றாமையில் சொன்னாரா தெரியவில்லை. காற்றுக்கு ஏது கோபம்? ஆனால் ஆதிமூலத்துக்கு அது சுளீரென்று பட்டது. அன்றைக்கு அவர் வேலை பார்க்கவில்லை. மணிமொழி இரண்டு தடவை போன் செய்தும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை படியில் சலசலவென்று பேச்சுச் சத்தம். கொளஞ்சியம்மாள் முன்னால், மற்றவர்கள் பின்னால், கடைசியில் ரங்கம்மாள். எட்டுப் பேரும் வந்து நின்றார்கள்.

"இன்னாக்கா, எல்லாருமா?"

"உன் பொண்டாட்டிதான் வூடு வூடா வந்து கையத் தட்டுனா தம்பி. எட்டு மைக்கும் இப்ப எடுக்குதாமே? வை. அந்தப் பாட்டயே பாடிட்டுப் போறோம்."

மூன்று வருடமாகச் சுருட்டிக் கிடந்த ஒயர்களைப் பிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று டேப் பார்த்துச் செருகிக்கொண்டே வந்தவர் ஐந்தோடு கையை நிறுத்திவிட்டு ஏழாவதை எடுத்தார். ரங்கம்மாள் ஆறாவது ஒயரைத் தானே எடுத்துத் தன் பெயர் ஒட்டிய துளையில் செருகிவிட்டு, அரைவட்டத்தில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"நீ இன்னாடி பண்ணப் போற?" என்றார் கொளஞ்சியம்மாள்.

"கை தட்ட ஆளு வேணாமா?"

வெள்ளிமலை பஸ் போகட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு பாடினார்கள். மல மேல மழ எறங்க, மடியெல்லாம் சாம நெறைய. திரையில் எட்டுத் தடம் ஓடியது. ஆதிமூலம் பெட்டியின் விளக்கு பக்கமே திரும்பவில்லை, திரையைத்தான் பார்த்தார். ஏழு தடத்தில் மலைமலையாக அலை. ஆறாவதில் ஏதோ சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது, நடுவில் கைதட்டு விழுகிற இடத்தில் மட்டும் ஒரு முள் நிமிர்ந்தது.

பாடி முடித்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, விசிறியைப் போடச்சொல்லித் திட்டிவிட்டு, போட்ட விசிறிக்கடியில் ஐந்து நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு இறங்கிப் போனார்கள். ரங்கம்மாள் தேநீர் வைக்கக் கீழே போனார்.

ஆதிமூலம் வழக்கம்போலச் சரிபார்க்க உட்கார்ந்தார். ஒவ்வொரு தடமாகத் தனியே ஓட விட்டார். கொளஞ்சியம்மாள் சுத்தமாக விழுந்திருந்தார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் நல்ல பதிவு. ஆறாவது வந்தபோது கை தானாகவே முழுத் தடத்தையும் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தான்மேல் போய் நின்றது. பன்னிரண்டு வருடப் பழக்கம். குரல் இல்லாத தடம் கோப்பில் எதற்கு?

விரல் அழுத்தவில்லை. மற்ற ஏழையும் அடைத்துவிட்டு ஆறாவதை ஓட விட்டார்.

முதலில் வளையல். அப்புறம் இரண்டு கைதட்டு. அப்புறம் மூச்சு. பாட்டின் ஒவ்வொரு சொல்லும் மூச்சாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூட விடாமல், எழுத்தெழுத்தாக, உதட்டில் பட்டுப் பட்டு. மடியெல்லாம் சாம நெறைய என்று அடி முடிகிற இடத்தில் அந்த மூச்சு சின்னதாக ஒரு ஏற்றம் ஏறியது. ஏறின வேகத்திலேயே இறங்கியது.

பின்னால் படியேறி வந்த ரங்கம்மாள், தேநீரை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஆதிமூலம் பாட்டை முதலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இடது காதை விரலால் அடைத்துக்கொண்டவர், எழுந்துபோய், தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தினார்.